கூலன்ட் கோளாறுகள்: டூலை மாற்றும் முன் டேங்கைத் திறந்து பாருங்கள்

சேலத்தில் லேத் பட்டறை நடத்தும் பையன்களிடமிருந்து எனக்கு வரும் போன் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும்: "அண்ணா, டூல் நிக்கவே மாட்டேங்குதுங்க. வேற இன்செர்ட் போட்டுப் பாக்கட்டுமா?" நான் கேட்கும் முதல் கேள்வியும் மாறாது. "கூலன்ட் டேங்க் மூடியைத் திறந்து எத்தனை நாளாச்சு தம்பி?" அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது.

டூலை மாற்றி, இன்செர்ட்டை (டூலில் மாட்டும் வெட்டுமுனை) மாற்றி, ஆயிலை மாற்றி, கைக்காசை விட்ட பிறகு, கோளாறு தண்ணீரிலும் டேங்கிலும் இருந்ததாகக் கண்டுபிடித்த பட்டறைகள் நிறைய. அதனால் இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் மெஷினில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு வைக்கும் காரணம் கடைசியில் வரும். கூலன்ட் என்று நான் சொல்வது, வெட்டும் இடத்தைக் குளிர்விக்க ஊற்றும், தண்ணீரில் கலந்தால் பால் போல வெளுக்கும் சொலுபிள் ஆயிலை. தண்ணீர் கலக்காத கட்டிங் ஆயில் வரும் இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

முதலில் கையில் இருக்க வேண்டியவை

ஒரு ரிஃப்ராக்டோமீட்டர் (கூலன்டில் ஆயில் எத்தனை சதவீதம் என்று பார்க்கும் கருவி), பி.எச். தாள் (அமில, காரத் தன்மை காட்டும் தாள்) ஒரு கட்டு, மூடியுள்ள கண்ணாடி பாட்டில் ஒன்று. இந்த மூன்றும் இல்லாமல் செய்வதெல்லாம் குத்துமதிப்பு.

ரிஃப்ராக்டோமீட்டரில் முதலில் நீங்கள் கலக்கப் பயன்படுத்தும் தண்ணீரையே ஒரு சொட்டு விட்டுப் பூஜ்யத்துக்குத் திருப்பிக்கொள்ளுங்கள். பிறகு கூலன்ட் ஒரு சொட்டு. சாம்பிளை டேங்கின் மேல்மட்டத்தில் எடுக்காதீர்கள். மெஷினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு நாசிலில் பிடியுங்கள். வரும் எண்ணை ஆயிலுக்குரிய காரணியால் பெருக்கினால்தான் உண்மையான சதவீதம் கிடைக்கும். சில ஆயிலுக்கு அது 1, சிலதுக்கு 1.5, சிந்தெடிக் வகைக்கு 2-க்கு மேலும் போகும். கேனில் இல்லையென்றால் சப்ளையரிடம் கேட்டு டேங்க் மூடி மேலேயே பெயின்டில் எழுதி வையுங்கள்.

சாதா டர்னிங்குக்கு 5 முதல் 7 சதவீதம் போதும். ஸ்டெயின்லெஸ், டேப்பிங் (துளைக்குள் மரை வெட்டுவது), ஆழமான டிரில்லிங் என்றால் 8 முதல் 10. சர்ஃபேஸ் கிரைண்டருக்கு 3 முதல் 5. பி.எச். 9-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. 8.5-க்குக் கீழே இறங்கினால் கவனிக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலை ஷட்டரைத் தூக்கினால் அழுகின முட்டை நாற்றம்

முதலில் ஷட்டர், ஜன்னல் எல்லாம் திறந்து பத்து நிமிடம் காற்றோட விடுங்கள். அப்புறம் மெஷினைப் போடுங்கள். அந்த நாற்றம் காற்றுப் படாத இடத்தில் வளரும் கிருமிகள் விடும் வாயு. சனிக்கிழமை சாயங்காலம் பம்பு நின்ற பிறகு, மேலே மிதக்கும் ஸ்லைடு ஆயில் (மெஷினின் நகரும் பாகங்களுக்கு விடும் எண்ணெய்) மூடி போட்ட மாதிரி கூலன்டை அடைத்துவிடும். ஞாயிறு முழுக்க உள்ளே காற்று கிடையாது. கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகைக்கும் பொங்கலுக்கும் பட்டறையைச் சேர்ந்தாற்போலச் சாத்திவிட்டுத் திரும்பினால் ஏன் தாங்க முடியாத நாற்றம் என்பதற்கும் இதே காரணம்தான்.

எதில் ஆரம்பிப்பது?

டேங்க் மூடியைத் திறந்து மேலே பாருங்கள். பழுப்பாக எண்ணெய்ப் படலம் இருந்தால் அதை எடுப்பதுதான் முதல் வேலை. பழைய செய்தித்தாளை விரித்து மெதுவாகப் படியவிட்டுத் தூக்கினால் எண்ணெய் தாளோடு வரும். நாலைந்து தாளில் பெரும்பகுதி போய்விடும். பெரிய டேங்க் என்றால் பெல்ட் ஸ்கிம்மர் வாங்குவது நியாயமான செலவு.

படலம் இல்லை, ஆனாலும் நாற்றம் என்றால் பி.எச். தாளை நனையுங்கள். 8.5-க்குக் கீழே காட்டினால் சதவீதத்தையும் பாருங்கள், அதுவும் பெரும்பாலும் குறைந்திருக்கும். ஆயில் மெலிந்த கூலன்டில்தான் கிருமி வேகமாகப் பெருகும். கணக்கு இப்படி: டேங்கில் 40 லிட்டர் இருக்கிறது, அளவு 3 சதவீதம் என்றால் உள்ளே ஆயில் 1.2 லிட்டர். மொத்தம் 50 லிட்டராக்கி 7 சதவீதம் வேண்டுமென்றால் 3.5 லிட்டர் ஆயில் தேவை. ஆகவே 2.3 லிட்டர் ஆயிலை 7.7 லிட்டர் தண்ணீரில் தனி பக்கெட்டில் கலக்கி ஊற்ற வேண்டும். ஆயிலை நேராக டேங்கில் கவிழ்க்கக் கூடாது.

இரண்டும் சரியாக இருந்தும் நாற்றம் வந்தால், மெஷின் அடித்தட்டின் மூலையில் கையை விட்டுப் பாருங்கள். சிப்ஸும் (வெட்டி விழும் உலோகச் சீவல்) சேறும் கெட்டியாக உட்கார்ந்திருக்கும். டீ டம்ளர் கழுவிய தண்ணீர், வெற்றிலை எச்சில், சாப்பிட்ட கை கழுவியது எல்லாம் தட்டில் விழுகிற பட்டறை எனக்குத் தெரியும். அங்கே எந்த ஆயிலும் ஒரு மாதம் தாங்காது. தட்டுக்குப் பக்கத்தில் ஒரு குப்பைத் தொட்டி வைத்தாலே பாதி தீர்ந்துவிடும்.

படலத்தை எடுத்த இரண்டே நாளில் மறுபடி மிதந்தால் எண்ணெய் எங்கிருந்தோ ஒழுகுகிறது. ஆட்டோ லூப்ரிகேட்டர் அளவுக்கு மேல் விடுகிறதா என்று முதலில் பாருங்கள். அது திருகாணி சரிசெய்யும் வேலை. அடுத்து லேத்தில் ஏப்ரன், கியர் பாக்ஸ் சீல். கடைசியாக ஹைட்ராலிக் சக். ஹைட்ராலிக் டேங்கின் அளவு வாரா வாரம் இறங்கினால் சீல் போயிருக்கிறது. அதை நீங்களே பிரிக்க வேண்டாம், சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள். சக் ஜாபைப் (வெட்டப்படும் பொருளை) பிடிக்கும் பிரஷர் அதில்தான் இருக்கிறது.

பி.எச். 8-க்குக் கீழே போய், நிறமும் சாம்பலாக மாறியிருந்தால் அந்தக் கூலன்டைக் காப்பாற்ற முடியாது. மாற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் பழையதை வடித்துவிட்டு அப்படியே புதியதை ஊற்றினால் இரண்டு வாரத்தில் நாற்றம் திரும்பி வரும். நானே இரண்டு முறை பட்ட பாடு இது. குழாய்க்குள்ளும் தட்டின் அடியிலும் வழவழவென்று ஒட்டியிருக்கும் படலம்தான் விதை. மாற்றுவதற்கு முந்தின நாளே டேங்க் கிளீனரைப் பழைய கூலன்டில் கலந்து ஒரு ஷிப்டு ஓட்டுங்கள். பிறகு வடித்து, சேற்றை வாரி, தேய்த்துக் கழுவி, மெலிதான கூலன்டால் ஒருமுறை அலசி, அப்புறம்தான் புதியது.

ஃபினாயிலும் பிளீச்சிங் பவுடரும் ஊற்றவே கூடாது. நாற்றம் ஒரு நாள் அடங்கும். ஆனால் பிளீச்சிங்கில் இருக்கும் குளோரின் ஜாபையும் ஸ்லைடையும் துருப்பிடிக்க வைக்கும், கையையும் அரிக்கும்.

நீண்ட விடுமுறைக்கு ஒரு சின்ன உபாயம்: மீன் தொட்டிக்குப் போடும் காற்று மோட்டார் ஒன்றை வாங்கி, அதன் குழாயை டேங்க் அடியில் விட்டுக் குமிழி விடச் செய்யுங்கள். மேலே எண்ணெய்ப் படலத்தை எடுத்துவிட்டுச் செய்தால்தான் பலன். பொங்கல் முடிந்து வந்தால் வித்தியாசம் மூக்குக்கே தெரியும்.

கூலன்ட் பிரிகிறது, ஆடை கட்டுகிறது, மெஷின் முழுக்கப் பிசுபிசுப்பு

நம் ஊர்க் கோளாறு இதுதான், இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

சேலத்து போர் தண்ணீரைக் கொதிக்கவைத்த பாத்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். அடியில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருக்கும். அந்தக் கால்சியமும் மக்னீசியமும் சொலுபிள் ஆயிலில் இருக்கும் சோப்புப் பொருளோடு சேர்ந்து தயிர் மாதிரித் திரியும். போர் தண்ணீரில் துணி துவைத்தால் சோப்பு நுரைக்காமல் பக்கெட்டில் வெள்ளைத் திப்பி மிதக்கிறதே, அதேதான் டேங்கிலும் நடக்கிறது. திப்பி வடிகட்டியை அடைக்கும், ஆயில் தனியே மேலே வரும், மீதித் தண்ணீர் துருவைக் கொண்டுவரும். "ஆயில் டூப்ளிகேட்டுங்க" என்று சப்ளையரோடு சண்டைக்குப் போவதற்கு முன் தண்ணீரைச் சோதியுங்கள்.

பாட்டில் சோதனை: கண்ணாடி பாட்டிலில் உங்கள் தண்ணீர் முக்கால் பங்கு. சதவீதக் கணக்குப்படி ஆயிலைச் சேர்த்து மூடிக் குலுக்குங்கள். இன்னொரு பாட்டிலில் அதே அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீரில். இரண்டையும் ஒரு இரவு அசையாமல் வையுங்கள். காலையில் இரண்டுமே ஒரே வெள்ளையாக இருந்தால் தண்ணீர் தாங்கும். போர் தண்ணீர் பாட்டிலில் மட்டும் மேலே மஞ்சளாக ஆயில் வளையமோ வெள்ளை ஆடையோ நின்றால் குற்றவாளி தண்ணீர். இரண்டிலுமே பிரிந்தால் ஆயில் பழையது, அல்லது கேன் வெயிலில் கிடந்து கெட்டது.

இந்தச் சோதனையை முதலில் செய்து பார்த்த பட்டறையில் மூன்று கேன் ஆயில் வீணாகியிருந்தது. ஜன்னல் திட்டில் இரண்டு பாட்டிலையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனோம். காலையில் போர் தண்ணீர் பாட்டிலின் கழுத்தில் ஒரு விரல் கனத்துக்குப் பாலாடை மாதிரி நின்றது. விரலில் தொட்டால் கொழகொழவென்று ஒட்டியது. ஆர்.ஓ. பாட்டில் ஊற்றிய மாதிரியே இருந்தது. அந்த வீட்டு அம்மாதான் சொன்னார், "இந்தத் தண்ணியில நாங்க பருப்பே வேக வைக்கிறதில்லீங்களே" என்று. அவருக்குத் தெரிந்தது பட்டறைக்குள் வந்து சேர அத்தனை நாள் ஆயிற்று.

சாதாரணமாகக் கடினத்தன்மை 80 முதல் 200 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை இருந்தால் சிரமமில்லை. 300-ஐத் தாண்டினால் கடினநீர் தாங்கும் வகை ஆயிலோ வேறு தண்ணீரோ வேண்டும். கையில் டி.டி.எஸ். மீட்டர் இருந்தால் அது காட்டுவது மொத்த உப்பை, கடினத்தன்மையை அல்ல. ஒரு ஜாடைக்கு வைத்துக்கொள்ளலாம், முடிவுக்கு ஆகாது. சரியான எண் வேண்டுமென்றால் தண்ணீரைப் பரிசோதனைக் கூடத்தில் கொடுங்கள், பெரிய செலவில்லை.

தீர்வு வரிசை இது. முதலில், கலக்கும் முறையைப் பாருங்கள். தண்ணீரில்தான் ஆயிலை ஊற்ற வேண்டும், அதுவும் கிளறிக்கொண்டே. ஆயில் மேல் தண்ணீரை ஊற்றினால் தலைகீழாகக் கலந்து கெட்டியான கொழம்பாக நின்றுவிடும், நல்ல தண்ணீரிலும்கூட. இரண்டாவது, மேட்டூரிலிருந்து வரும் காவேரித் தண்ணீர் பட்டறையில் கிடைத்தால் அதில் கலந்து பாருங்கள். மூன்றாவது, பாதி ஆர்.ஓ., பாதி போர். முழுக்க ஆர்.ஓ. ஊற்றினால் முதலில் நுரைக்க வாய்ப்புண்டு, அதற்குத்தான் பாதி. நாலாவது, கடினநீருக்கான ஆயில். கடைசியாக, மெஷின் நிறைய உள்ள இடமென்றால் சாஃப்ட்னர் அல்லது டி.எம். பிளான்ட் (தண்ணீரின் உப்பை எடுக்கும் அமைப்பு). அதற்குத் தண்ணீர் சுத்திகரிப்பு ஆளிடம் போய் ஊர்த் தண்ணீர் அறிக்கையோடு பேசுங்கள். சாதா சாஃப்ட்னர் கடினத்தை எடுக்கும், குளோரைடை எடுக்காது என்பதை நினைவில் வையுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று டாப்-அப். ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு டேங்கிலேயே நிற்கும். 200 லிட்டர் டேங்க் உள்ள வி.எம்.சி.யில் (கம்ப்யூட்டரில் ஓடும் மில்லிங் மெஷின்) வெயில் காலத்தில் தினம் 10 லிட்டர் ஆவியாகி, 10 லிட்டர் போர் தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்று வையுங்கள். 20 நாளில் இன்னொரு 200 லிட்டர் தண்ணீரின் உப்பு உள்ளே வந்துவிடும். 250 பி.பி.எம். தண்ணீர் 500 ஆகிவிடும். ஆரம்பத்தில் நன்றாக இருந்த கூலன்ட் சித்திரை வைகாசியில் திடீரென்று திரிவதற்கு இதுதான் காரணம். டாப்-அப்புக்கு மட்டுமாவது ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள், அதில் 1 முதல் 2 சதவீதம் ஆயில் கலந்து. வெறும் தண்ணீர் ஒரு நாளும் வேண்டாம், சிப்ஸோடும் ஜாபோடும் ஆயிலும் கொஞ்சம் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

ஜாபில் துரு

*மெஷினில் இருக்கும்போதே துரு என்றால்* சதவீதம் குறைவு, அல்லது பி.எச். இறங்கிவிட்டது. இரண்டையும் அளந்து சரிசெய்தால் பெரும்பாலும் நின்றுவிடும். நிற்கவில்லையென்றால் ஒரு சோதனை: வார்ப்பிரும்பு டிரில் பிசிறு ஒரு ஸ்பூன் எடுத்து, எண்ணெய் போகக் கழுவிக் காயவைத்து, வடிதாளில் பரப்பி, உங்கள் கூலன்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு நனைத்து மூடி வையுங்கள். இரண்டு மணி நேரம் கழித்துப் பிசிறைத் தட்டிவிட்டுத் தாளைப் பாருங்கள். பழுப்புப் புள்ளிகள் நிறைய இருந்தால் கூலன்டுக்குத் துருவைத் தடுக்கும் பலம் இல்லை. புதிதாகக் கலந்த கூலன்டிலும் அதே புள்ளி என்றால் தண்ணீரில் குளோரைடு அதிகம்.

*மறுநாள் காலையில் அடுக்கி வைத்த ஜாபில் துரு என்றால்* கூலன்ட் மேல் பழி போடுவதற்கு முன், ஜாபை ஈரத்தோடு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினீர்களா என்று பாருங்கள். இரண்டு முகங்களுக்கு நடுவே மாட்டிய ஈரம் வட்ட வட்டமாகத் துரு போடும். விரல் ரேகை மாதிரியே துரு தெரிந்தால் அது வியர்வை. ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றே ஈரமாக இருக்கும். அந்த இரண்டு மாதமும் கம்ப்ரஸர் காற்றில் ஊதி, ஆர்.பி. ஆயிலில் (துருத் தடுப்பு எண்ணெய்) முக்கி எடுத்துத்தான் அடுக்க வேண்டும். கம்ப்ரஸர் டேங்கில் தண்ணீர் வடிக்காமல் ஊதினால் நீங்களே தண்ணீர் தெளிக்கிறீர்கள்.

*ஸ்டெயின்லெஸ் ஜாபில் துருப்புள்ளி.* உருக்காலை இருக்கும் ஊர் என்பதால் இங்கே ஸ்டெயின்லெஸ் வேலை நிறைய. 304 ரக ஸ்டெயின்லெஸ் ஜாபில் பழுப்புப் புள்ளி வந்தால் உடனே "மெட்டீரியல் சரியில்லை" என்பார்கள். எனக்குத் தெரிந்தவரை பெரும்பாலும் அது முந்தின நாள் ஓட்டிய எம்.எஸ். (சாதா இரும்பு) ஜாபின் தூள். டேங்கில் மிதந்த இரும்புத் தூள் ஸ்டெயின்லெஸ் மேல் ஒட்டி, அதுதான் துருப்பிடிக்கிறது. டேங்கில் காந்தத்தை விட்டு எடுத்துப் பாருங்கள், கொத்துக் கொத்தாக வரும். ஸ்டெயின்லெஸ் ஓட்டும் முன் தட்டைக் கழுவுங்கள். அந்த ஜாபைத் தேய்க்க இரும்பு வயர் பிரஷ் எடுக்காதீர்கள்.

டூல் முனை சீக்கிரம் போகிறது

எப்படிப் போயிருக்கிறது என்று முதலில் லென்ஸில் பாருங்கள். பார்க்காமல் வேகத்தைக் குறைப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு மருந்து சாப்பிடுவது போல.

*ஹெச்.எஸ்.எஸ். (ஹைஸ்பீடு ஸ்டீல்) பிட்டின் முனை நீலமாக, கறுப்பாக மாறியிருந்தால்* கூலன்ட் முனைக்குப் போகவில்லை. நாசில் சிப்ஸின் மேல் அடிக்கிறதா, முனையில் அடிக்கிறதா? பல மெஷின்களில் நாசில் ஜாபைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கும், முனை காய்ந்து கிடக்கும். பார்ட்டிங் டூலில் (ஜாபைத் துண்டாக வெட்டும் டூல்) இது இன்னும் மோசம், ஆழம் போகப் போகப் பள்ளத்துக்குள் கூலன்ட் இறங்காது. பள்ளத்துக்கு நேராக ஒரு மெல்லிய குழாயை வைத்துவிடுங்கள். நாசில் சரி, அப்போதும் நீலம் என்றால் வேகத்தைக் குறையுங்கள். நீலமான பகுதி முழுவதும் போகிறவரை சாணை பிடிக்க வேண்டும், முனையை மட்டும் தீட்டினால் பத்து நிமிடத்தில் மறுபடி மழுங்கும்.

*கார்பைடு இன்செர்ட்டில் சீப்புப் பல் மாதிரி, விளிம்புக்குக் குறுக்கே வரிசையாக விரிசல்.* இது கூலன்ட் குறைந்ததால் வருவதல்ல, விட்டு விட்டு விழுவதால் வருவது. சூடான முனையில் குளிர்ந்த கூலன்ட், மறுபடி சூடு, மறுபடி குளிர். கார்பைடுக்கு இது ஆகவே ஆகாது. மில்லிங்கில் ஸ்டீல் வெட்டும்போது கூலன்டை முழுக்க நிறுத்திவிட்டுக் காற்று மட்டும் விட்டுப் பாருங்கள், பெரும்பாலும் இன்செர்ட் கூடுதல் நேரம் நிற்கும். டர்னிங்கில் என்றால் டூல் ஜாபைத் தொடும் முன்பே கூலன்ட் வர வேண்டும், நடுவில் நிற்கவும் கூடாது. பாதி ஓட்டத்தில் புகை வந்த பிறகு அவசரமாக வால்வைத் திறப்பதுதான் இன்செர்ட்டைக் கொல்வது. பிரேஸிங் வைத்த கார்பைடு டூலைச் சாணை பிடித்ததும் தண்ணீரில் முக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

*முனையில் உலோகம் ஒட்டிக்கொண்டு, ஜாப் முகம் கிழிந்த மாதிரி வந்தால்* அலுமினியத்திலும் ஸ்டெயின்லெஸ்ஸிலும்தான் இது அதிகம். சதவீதத்தை 8-க்கு மேல் ஏற்றுங்கள். அடுத்து, கூர்மையான, பாலிஷ் செய்த இன்செர்ட். லேத்தில் ஒன்றிரண்டு அலுமினிய ஜாப் என்றால் பிரஷ்ஷில் மண்ணெண்ணெய் தொட்டு வைப்பது பழைய வழி, பலனும் தரும். ஆனால் பக்கத்தில் வெல்டிங் நடக்கக் கூடாது. பி.எச். 9.5-ஐத் தாண்டிய கூலன்ட் அலுமினியத்தைக் கறுக்க வைக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

*ஸ்டெயின்லெஸ்ஸில் டேப் உடைகிறது.* முதலில் டிரில்லைப் பாருங்கள். மழுங்கிய டிரில் துளையின் சுவரை உரசி உரசிக் கெட்டியாக்கிவிடும், அதற்குள் எந்த டேப் போனாலும் உடையும். எம்10 டேப்புக்கு 8.5 மி.மீ. துளை என்பது புத்தகக் கணக்கு, ஸ்டெயின்லெஸ்ஸுக்கு 8.6 போட்டால் மரை பலம் பெரிதாகக் குறையாது, டேப் பிழைக்கும். அடுத்தது எண்ணெய். இந்த ஒரு வேலைக்குப் பால் கூலன்டை நம்ப வேண்டாம். கந்தகம் சேர்ந்த டேப்பிங் ஆயிலைப் பிரஷ்ஷில் துளைக்குள்ளும் டேப்பிலும் தடவுங்கள். பித்தளைக்கும் தாமிரத்துக்கும் அந்த ஆயில் ஆகாது, கறுத்துவிடும். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறைகளுக்கு டை, ரோலர் செய்து கொடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கந்தகம் வெள்ளியைக் கருக்கும், நன்றாகக் கழுவித் துடைத்த பிறகே டெலிவரி கொடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு இன்செர்ட் தெறித்துக்கொண்டே இருந்தால் அது கூலன்ட் விஷயமே அல்ல. ஸ்பிண்டில் பேரிங் ஆட்டமாக இருக்கலாம். டயல் கேஜ் வைத்துப் பார்த்து, ஆட்டம் இருந்தால் மெஷின் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

கூலன்ட் வரவில்லை, அல்லது நூலாக வருகிறது

டேங்க் அளவு, வடிகட்டி வலை, நாசில் வாய், வளைந்த ஹோஸ். இந்த வரிசையில் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். வலையில் சுருள் சிப்ஸ் பின்னிக்கொண்டிருப்பதுதான் பத்துக்கு எட்டு தடவை.

எல்லாம் சுத்தம், மோட்டாரும் ஓடுகிறது, ஆனால் பிரஷர் இல்லை என்றால் ஈ.பி. வேலை ஏதாவது நடந்ததா, பேனலில் யாராவது கை வைத்தார்களா என்று விசாரியுங்கள். பேஸ் மாறினால் மூன்று பேஸ் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். பம்பு எதிர்த்திசையிலும் கொஞ்சம் தண்ணீர் தள்ளும், அதனால்தான் பலர் ஏமாந்து பம்பையே மாற்றுகிறார்கள். மோட்டார் தலையில் அம்புக்குறி இருக்கும், விசிறி அந்தப் பக்கம் சுற்றுகிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால் எலக்ட்ரீஷியன் இரண்டு வயரை மாற்றினால் போதும்.

ம்ம்ம் என்று உறுமுகிறது, சுற்றவில்லை என்றால் உடனே ஆஃப். ஒரு பேஸ் போயிருக்கும், அல்லது இம்பெல்லரில் சிப்ஸ் சிக்கியிருக்கும். அப்படியே விட்டால் காயில் கருகும்.

கூலன்டையோ தட்டையோ தொட்டால் சுரீரென்று லேசாக ஷாக் அடித்தால் யோசிக்கவே வேண்டாம். மெயினை இறக்குங்கள். எலக்ட்ரீஷியன் வந்து மோட்டார் இன்சுலேஷனும் எர்த்தும் பார்த்துச் சொல்லும்வரை அந்த மெஷின் பக்கம் யாரும் போகக் கூடாது.

நுரை பொங்கி வழிகிறது

டேங்க் அளவு குறைந்து பம்பு காற்றை இழுக்கிறதா பாருங்கள். அப்புறம் சதவீதம், 10-க்கு மேல் போயிருந்தால் டாப்-அப்புக்குச் சொன்ன மெலிதான கலவையைச் சேர்த்துக் குறையுங்கள். முழு ஆர்.ஓ. தண்ணீரில் கலந்திருந்தால் கொஞ்சம் போர் தண்ணீர் சேருங்கள், நுரை அடங்கும். தரை துடைத்த சோப்புத் தண்ணீர் தட்டில் விழுந்ததா என்றும் கேளுங்கள். நுரை அடக்கி மருந்து கடைசி வழி, அதுவும் சில சொட்டுதான். அள்ளி ஊற்றினால் அடுத்த முறை வேலை செய்யாது.

புகை

பால் கூலன்டில் வருவது நீராவி என்றால் பயமில்லை. முனைக்குக் கூலன்ட் சரியாகப் போகவில்லை என்று அர்த்தம், நாசிலைச் சரிசெய்யுங்கள். தண்ணீர் கலக்காத ஆயிலில் நீலப் புகை வந்தால் உடனே வேகத்தைக் குறையுங்கள், ஆயில் வரத்தைக் கூட்டுங்கள். சுருள் சிப்ஸ் குவியலில் தீ பிடிக்கும். எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

மக்னீசியம் அலாய் ஜாப் யாராவது கொண்டுவந்தால், பால் கூலன்ட் ஓடும் மெஷினில் ஏற்றவே வேண்டாம். அந்தப் பிசிறு தண்ணீரோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் வரும், தீப்பிடித்தால் தண்ணீரிலும் அடங்காது, கார்பன் டை ஆக்சைடிலும் அடங்காது. காய்ந்த மணல்தான். நம் ஊர் வெள்ளைக்கல் மேக்னசைட் எரியாதே என்று அதையும் இதையும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள். அது கல், இது உலோகம்.

கையில் அரிப்பு, தடிப்பு

இதை யாரும் கோளாறாகவே எண்ணுவதில்லை, எனக்கு அதுதான் வருத்தம். டூல் போனால் புதிது வாங்கலாம்.

சதவீதத்தை அளந்து பாருங்கள், 10-க்கு மேல் என்றால் அதுவே காரணமாக இருக்கலாம். பிறகு துடைக்கும் வேஸ்ட் துணியைப் பாருங்கள். அதில் நுண்ணிய சிப்ஸ் இருந்தால் தோலைக் கீறிக் கூலன்டை உள்ளே விடும். வேலை முடிந்ததும் தின்னரிலோ மண்ணெண்ணெயிலோ கை கழுவுவதை நிறுத்துங்கள். சாதா சோப்பும் தண்ணீரும் போதும், கழுவிய பிறகு தேங்காய் எண்ணெய் தடவுங்கள். கூலன்ட் நனைந்த சட்டையோடு நாள் முழுக்க நிற்காதீர்கள். சுற்றும் மெஷினில் கையுறை போட்டு வேலை செய்யாதீர்கள், இழுத்துக்கொண்டு போய்விடும்.

ஒரு வாரத்தில் குறையவில்லை, கொப்புளமோ வெடிப்போ வந்தது என்றால் தோல் மருத்துவரிடம் போங்கள், கேனின் லேபிளைப் போட்டோ எடுத்துக்கொண்டு. மூச்சிரைப்போ விடாத இருமலோ இருந்தால் ஒரு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

பழைய கூலன்டை எங்கே ஊற்றுவது

சாக்கடையில் ஊற்றக் கூடாது. ஏற்காட்டு மலையிலிருந்து இறங்கி ஊருக்கு நடுவே போகும் திருமணிமுத்தாறு என்ன நிலையில் இருக்கிறது என்று நம் எல்லோருக்கும் தெரியும். 2016-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின்படி எண்ணெய்க் கழிவை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் பெற்றவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். சின்னப் பட்டறை தனியாகக் கூப்பிட்டால் வண்டி வராது என்பது உண்மை. அதே தெருவில் நாலைந்து பட்டறைகள் சேர்ந்து பேரலில் மூடிச் சேர்த்து வைத்து ஒன்றாக அனுப்பலாம். மேலே எடுத்த ஸ்லைடு ஆயிலைத் தனி டின்னில் வையுங்கள், கூலன்டோடு கலக்க வேண்டாம்.

டேங்க் கழுவ நாள் தேடுபவர்களுக்கு ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் நல்ல சமயம். மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைக்க எப்படியும் துடைக்கப் போகிறோம். அன்றைக்கே தட்டைத் தூக்கி, டேங்கை வடித்து, சேற்றை வாரி, புதுக் கூலன்டை ஊற்றி, மூடி மேல் தேதியையும் சதவீதத்தையும் பி.எச்.-ஐயும் எழுதி, அதற்குப் பக்கத்தில் ஒரு பொட்டும் வையுங்கள்.